முழங்கால் வரை கடல்

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் இரண்டு நாள். முதல் நாள் கர்த்தருக்கு, மறுநாள் எங்களுக்கு. அப்பா செங்கல்பட்டு ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற ஆள் பண்டிகை என்று வீட்டில் உட்கார்ந்துகொள்ள முடியுமா? விடியற்காலை ஆராதனை முடிந்து வந்த கையோடு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விடுவார். அதற்குப் பதிலாக மறுநாள் லீவு. அந்த ஒரு நாளில் மகாபலிபுரம் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால்தான் எங்களுக்குப் பண்டிகை முடிந்ததாகக் கணக்கு.

எடுத்துக்கொண்டு போவது, முந்தின நாள் மிஞ்சிய ஆட்டுக்கறிக் குழம்பு. அதை மூன்று தடவை அடுப்பில் ஏற்றி இறக்கி, கரண்டி நட்டமாக நிற்கிற பதத்துக்குச் சுண்ட வைத்திருப்பாள் அம்மா. ஒரு பெரிய அலுமினியக் குண்டானில் வடித்த சோறு. தட்டு கிடையாது, இலை கிடையாது. மணலில் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் பிசைந்து உருட்டிப் போட, மற்றவர்கள் உள்ளங்கையை நீட்டி வாங்கிச் சாப்பிட வேண்டும். பிசைவதற்கும் ஒரு முறை உண்டு. அப்பா வீட்டில் பிறந்த மூத்த பெண்தான் பிசையலாம். முதல் உருண்டை வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்கு. தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்ட வழக்கம் அது என்பார் அப்பா. எனக்கு அந்தச் சரித்திரமெல்லாம் வேண்டாம். அந்தச் சோற்றின் ருசி தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன், அதற்குக் கிட்டத்தில் வர எதற்கும் யோக்கியதை இல்லை.

மூத்த பெண் என்றால் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பிசைந்தது அம்மாதான். அத்தை கோலாரில், தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிற சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தோம். உண்மையில் அந்தக் கோலார் எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல். கடலுக்குப் போகிற பஸ் ரோட்டிலேயே, ஊருக்கு வெளியே இருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரி. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் பஸ் அந்த கேட்டைத் தாண்டும்போது அப்பா அந்தப் பக்கம் திரும்பமாட்டார். அம்மா மட்டும் கேட் மறைகிறவரை பார்த்துக்கொண்டே வருவாள்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வியாதிக்குப் புது மாத்திரை வந்திருந்த காலம். வருஷக்கணக்காக அதை விழுங்கி, உடம்பில் நோய் இல்லை, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வந்தாள். நோய் போய்விட்டதுதான். ஆனால் போகிறபோது சும்மா போகவில்லை, பாவி. வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டன, ஒரு விரல் பாதிதான் மிச்சம். இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. நெருப்பை மிதித்தாலும் தெரியாது. அதற்காக டயரை அறுத்து அடி வைத்த கனமான செருப்பு ஒன்றை ஆஸ்பத்திரியில் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அம்மா பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயா. ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி வைத்திருந்த தொண்டை. அத்தை வந்த அன்றே ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள்.

“கோலாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அண்ணி ஆஸ்பத்திரில இருந்தாங்க. இப்ப நல்லாயிட்டாங்க. டாக்டர் குடுத்த காயிதம் கீது. படிக்கத் தெரிஞ்சவங்க வூட்டுக்கு வந்து படிச்சிட்டுப் போங்க. தெரியாதவங்க வாய மூடிக்கினு தண்ணி புடிங்க.”

அப்பாவுக்கு வெலவெலத்துப்போனது. எனக்கோ அவமானம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கு நினைத்தால், அடேயப்பா, என்ன பொம்பளை என்று தோன்றுகிறது. காகிதத்தைப் படிக்க யாரும் வரவில்லை. எங்கள் குடம் குழாயடிக்குப் போனால் மற்ற குடங்கள் கொஞ்சம் தள்ளி நின்றன, அவ்வளவுதான். என்னோடு பாண்டி ஆடுகிற பெண் ஒருத்தி, “உங்க அத்தை தொட்ட தண்ணிய நீ குடிச்சியாடி?” என்று கேட்டாள். “சீச்சீ, இல்ல” என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. நான் குடிக்கவில்லை.

குடிக்கும்படி அத்தையும் விடவில்லை. தன் தட்டையும் டம்ளரையும் ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். பின்கட்டுக் கதவோரம் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பாள். ஆனால் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. ஓயாத வாய். என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவனைக் கதவோரத்திலிருந்தே சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்து விக்கல் எடுக்கப் பண்ணுவாள். ஆஸ்பத்திரியில் தறி நெய்யவும் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த விரல்களை வைத்துக்கொண்டு!

கிறிஸ்மஸ் சாயங்காலம் அம்மா எனக்குச் சடையைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கதவோரத்திலிருந்து அத்தை பேச்சை எடுத்தாள்.

“இத பாரும்மே. நாளைக்கு உங்களோட கடலுக்கு வரேன். பாத்து ஆறு வருசமாச்சு. திரும்பி வரசொல்ல ஆஸ்பத்திரி கேட்டாண்ட என்னை எறக்கி வுட்டுடு. தறிக் கொட்டாயில வேலை தரேன்னு சொல்லிக்கீறாங்க. நான் அங்கியே இருந்துக்கறேன்.”

“இன்னாத்துக்கு அண்ணி?”

“உன் புள்ளைங்க ஊர்ல நாலு பேரோட பழக வாணாமா? நானும் மூணு நாளா பாத்துக்கினுதானே கீறேன்.”

“நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“பாத்துக்க இன்னா கீது? மூட்டை கட்டிட்டேன்.”

கட்டித்தான் வைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் இருந்தது, இரண்டு புடவையும் அந்தத் தட்டும் டம்ளரும் வைத்துக் கட்டின மூட்டை. அம்மா என் தலையில் சீப்பை அழுத்தி இழுத்தாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, அதை மறைப்பானேன்? அத்தை போய்விட்டால் பாண்டி ஆட்டத்தில் என்னைத் திரும்பவும் சேர்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினோம். நல்ல மார்கழிக் குளிர். மழை முடிந்து ஏரியெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தது. அத்தை கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, மூட்டையை மடியில் வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி கேட் வந்ததும், “அதோ பாரு, என் கோலாரு” என்று என்னிடம் கண்ணடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்பா வழக்கம்போல் மறுபக்கம் பார்த்தார்.

மகாபலிபுரத்தில் அப்போதெல்லாம் இத்தனை கூட்டம் ஏது? சவுக்குத் தோப்பு, நாலைந்து கட்டுமரம், வலை உலர்த்துகிறவர்கள், காற்றில் தனியாக நிற்கிற கடற்கரைக் கோயில். கல் சிற்பத்தைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நாங்கள் சிற்பத்தின் பக்கம் போனதே இல்லை. “கல்லு எங்க ஓடிப் போவப் போவுது, அப்புறம் பாக்கலாம்” என்பார் அப்பா. அந்த அப்புறம் எனக்குக் கல்யாணமான பிறகுதான் வந்தது.

கடலைக் கண்டதும் அத்தை மூட்டையைக் கீழே போட்டாள். செருப்பைக் கழற்றி உதறினாள். “ஏ கடலே, கீறியா?” என்று கத்திக்கொண்டு சின்னப் பெண் மாதிரி ஓடினாள். நானும் தம்பியும் பின்னால் ஓடினோம். முதல் அலை வந்து அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போயிற்று. அத்தை குனிந்து பார்த்தாள்.

“ஏன்டி, தண்ணி சில்லுனு கீதா?”

“ஏன் அத்தை, உனக்குத் தெரியலியா?”

“காலுக்குத் தெரியாதுடி. முட்டியாண்ட வந்தாத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தாள். “யக்கா, போவாத! இழுத்துடும்!” என்று அப்பா கரையிலிருந்து அலறினார். அத்தை காதில் வாங்கவில்லை. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். பெரிய அலை ஒன்று வந்து தொடையில் மோதியது. “ஐயையோ, சில்லுனு கீதுடி! கீதுடி!” என்று அவள் போட்ட சத்தத்தில் வலை உலர்த்துகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை பெரிய கடலில் தனக்கு எட்டுகிற இடத்தைத் தேடிப் போய் வாங்கிக்கொண்டாள் பாருங்கள், அந்த மனசு எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

பசி வந்தது. சவுக்கு நிழலில் வட்டமாக உட்கார்ந்தோம். அத்தை தன் மூட்டையைப் பிரித்துத் தட்டை எடுக்கப் போனாள். அம்மா சோற்றுக் குண்டானையும் குழம்பையும் தூக்கி அத்தை முன்னால் டணாரென்று வைத்தாள்.

“வாணாம்மே” என்றாள் அத்தை. சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“ஆறு வருசமா உன் வேலைய நான் செஞ்சினு கீறேன். எனக்குக் கை வலிக்குது. பிசை.”

“அக்காவ இன்னாத்துக்குக் கஷ்டப்படுத்தறே?” என்றார் அப்பா.

“நீ கம்முனு இரு. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கணும்.”

அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். மடங்கின விரலைக் கொண்டே அழுத்தி, உள்ளங்கையால் உருட்டினாள். முதல் உருண்டை தம்பிக்கு. அவனுக்கு என்ன தெரியும்? ஆவென்று கையை நீட்டி வாங்கி வாயில் அடைத்துக்கொண்டு, “காரம்!” என்று கத்திவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினான். “இருடா, அக்காவுக்கு” என்று அத்தை என் பக்கம் திரும்பினாள்.

நான் இரண்டு கையையும் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். “எனக்குப் பசிக்கல” என்றேன்.

கடற்கரையில் ஓடி ஆடிவிட்டு வந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பசிக்கவில்லையாம். யார் நம்புவார்கள்? அம்மா என்னை அறைந்திருக்கலாம். அறைந்திருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் இரண்டு கையையும் சேர்த்து அத்தையிடம் நீட்டினாள். “அவ பங்கையும் எனக்கே போடு அண்ணி. நல்லாச் சுண்டிக் கீது, நானே துண்றேன்.” வாங்கினாள், சாப்பிட்டாள், மறுபடியும் நீட்டினாள். அப்பாவும் நீட்டினார். நாலாவது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். கடல் காற்றில் மணல் விழுந்துவிட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கொழந்தைய ஒண்ணும் சொல்லாதம்மே” என்றாள் அத்தை. கை கழுவ எழுந்து தண்ணீரைப் பார்த்து வேகமாக நடந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மணல் சிவப்பாக இருந்தது. அங்கிருந்து போன காலடிகளில் இடது கால் பதிந்த ஒவ்வொரு இடமும் சிவப்பு.

“அத்தை! ரத்தம்!”

எழுந்து ஓடினேன். அவள் நின்று, யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி தன் காலைப் பார்த்தாள். கிளிஞ்சல் பாதத்தை நீளமாகக் கிழித்து உள்ளேயே ஒடிந்து நின்றது. அலையில் ஆடினபோதே ஏறியிருக்க வேண்டும். அதோடுதான் இத்தனை நேரம் நடந்தாள், உட்கார்ந்தாள், எங்களுக்குப் பிசைந்து போட்டாள். என்ன செய்கிறோம் என்று நான் யோசிக்கவே இல்லை. மணலில் உட்கார்ந்து அந்தக் காலை இழுத்து என் மடியில், கிறிஸ்மஸ் பாவாடையில் வைத்துக்கொண்டு, கிளிஞ்சலைப் பிடித்து இழுத்தேன். ரத்தம் கொட்டிற்று. எனக்கு அழுகை பீறிட்டது.

“வலிக்குதா அத்தை?”

“எனக்கு இன்னாடி வலி? நீ ஏன் அழுவறே?”

அம்மா ஓடி வந்தாள். ஒரு நொடிகூடத் தயங்காமல் கட்டியிருந்த புடவையின் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். “புதுப் புடவைம்மே!” என்றார் அப்பா. “அடுத்த கிறிஸ்மஸுக்கு வேற வரும், புடி” என்று சொல்லிக்கொண்டே கட்டுப் போட்டாள்.

“எம் மேலதான் தப்பு” என்றாள் அத்தை. “செருப்பில்லாம ஒரு அடி வெக்கக் கூடாதுன்னு படிச்சிப் படிச்சி சொன்னாங்க. கடலைப் பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சு. தெனம் சாயங்காலம் அங்க பக்கத்துக் கட்டில்காரி என் காலைப் பாப்பா, நான் அவளுத பாப்பேன். காயம் கீதா, கொப்புளம் கீதான்னு. நமக்குத்தான் வலிக்காதே, வேற ஒருத்தர் கண்ணாலதான் தெரிஞ்சுக்கணும்.”

நான் குண்டானிடம் போனேன். காலியாக இருக்கும் என்று நினைத்தேன். அடியில் ஒரு உருண்டை இருந்தது. அத்தை அதை எனக்காகத்தான் மிச்சம் வைத்திருக்க வேண்டும். குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தை முன்னால் வைத்து, கையை நீட்டினேன். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா ரொம்ப மும்முரமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அந்த உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் கையால் மூடினாள். சோறு ஆறிப்போயிருந்தது, மணலும் நெறுநெறுவென்றது. முழுதும் தின்றேன்.

திரும்புகிற பஸ்ஸில் தம்பி அப்பா மடியில் தூங்கிவிட்டான். அத்தை செருப்புப் போட்டுக்கொண்டு, மூட்டையை மடியில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில். இருட்டுகிற நேரத்தில் ஆஸ்பத்திரி கேட் விளக்கு தெரிந்தது.

“ஆஸ்பத்திரி கேட்டு யாருனா கீறீங்களா?” என்றார் கண்டக்டர்.

அத்தை எழுந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ஊரையே வாயால் மடக்குகிற அம்மா அப்போது வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் என் மேல் இருந்தது. அப்பா முதல் தடவையாக அந்த கேட்டை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூட்டையைப் பிடுங்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“எறங்காத அத்தை. நான் பாக்கறேன்.”

“இன்னாத்தடி பாப்பே?”

“உன் காலை. தெனம் சாயங்காலம் நான் பாக்கறேன்.”

அத்தை நின்றபடியே என்னைப் பார்த்தாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. “இன்னாம்மா, எறங்கறியா இல்லியா? வண்டி நிக்குதில்ல?” என்றார் கண்டக்டர்.

அம்மாவுக்குத் தொண்டை திரும்பி வந்தது. “யாரும் எறங்கலப்பா! எல்லாரும் செங்கல்பட்டு டிக்கெட்டுதான் வாங்கிக்கீறோம்! நீ ஊது!”

கண்டக்டர் விசில் ஊதினார். அத்தை பொத்தென்று உட்கார்ந்தாள்.

மறுநாளிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை பாயில் காலை நீட்டி உட்காருவாள். “இன்ஸ்பெக்டரு அம்மா வந்துட்டாங்க” என்பாள். நான் ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், நடுப்பாதம் எல்லாம் பார்த்துவிட்டு, “சரியா கீது அத்தை” என்பேன். பாண்டி ஆட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளப் பல மாதம் ஆயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி ஊரப்பாக்கம் போன பிறகு தம்பி பார்த்தான். நான் பிறந்த வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றினதும் முதல் வேலை அதுதான். ஒவ்வொரு கிறிஸ்மஸ் மறுநாளும் அத்தைதான் பிசைந்தாள். முதல் உருண்டை என் பிள்ளைகளுக்குப் போயிற்று.

அத்தை போன அன்று வீடு நிறையக் கூட்டம். அந்தக் காலத்தில் குடத்தைத் தள்ளி வைத்தவர்களும் வந்து அழுதார்கள். பெட்டியில் வைக்கும் முன், யாரும் சொல்லாமலே, நான் கால்மாட்டில் உட்கார்ந்து துணியை விலக்கினேன். இரண்டு பாதத்தையும் திருப்பி, விரலிடுக்கு, குதிகால், நடுப்பாதம் எல்லாம் பார்த்தேன். இடது பாதத்தில் அந்தப் பழைய தழும்பு. வேறு ஒரு கீறல்கூட இல்லை.

“சரியா கீது அத்தை” என்று சொல்லிவிட்டுத் துணியை மூடினேன்.